முத்தியங்கனையில் எடுத்த பூ

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் போகும் முதல் பஸ் எங்கள் தோட்டத்துச் சந்திக்கு காலை ஐந்து மணிக்கு வரும் என்பார்கள். அன்று ஐந்தேகாலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கோயிலுக்குப் போட்டுப் போகும் சட்டை. என் மனைவி லெச்சுமி முதல் நாள் இரவே அதைத் தேய்த்து வைத்திருந்தாள். ஆனால் நான் போனது எங்கள் கோயிலுக்கு இல்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள விகாரைகளையும் சந்தைகளையும் அரை நாளில் சுற்றிக் காட்டும் ஒரு வேனில் ஏறப் போனேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு எங்கேயும் போனவனில்லை. இதற்கும் நானாகப் போகவில்லை. மூன்று நாளைக்கு முன்பு என் மகள் தர்ஷினி போன் பண்ணினாள். அவள் எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்துக்கொண்டே சுற்றுலா வழிகாட்டி வேலைக்குப் படித்தவள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை சும்மாதான இருப்பீங்க?"

"ஆமா. ஏன்?"

"அஞ்சு பேரு இல்லாட்டி வேன் போகாது. ஒரு ஆளு வரலன்னுட்டாங்க. நீங்க வந்து உக்காருங்க. ஆனா என்னையத் தெரியாத மாதிரி இருக்கணும்."

"எதுக்குத் தெரியாத மாதிரி?"

"சொந்தக்காரங்கள ஏத்துனா கைட் அவங்களத்தான் கவனிப்பாங்கன்னு முதலாளிக்குப் பிடிக்காது. அவரே வேன் ஓட்டிக்கிட்டு வாராரு. இது எனக்குப் பரீட்சைப்பா. தமிழ் ஆளுங்களக் கூட்டிட்டுப் போக ஒரு கைட் வேணுமாம். நல்லாச் செஞ்சா வேலை எனக்கு."

நல்லாச் செய்யாவிட்டால் என்ன என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், ஓர் ஆயா வேலை காலியாக இருந்தது. லெச்சுமி ஆபீசில் சொல்லி அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். வேன் வேலை கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வந்து அதில் சேர்ந்துவிடுகிறேன் என்று தர்ஷினியும் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். எனக்கும் ஒரே பிள்ளை. அவள் வீட்டுக்கு வந்தால் எனக்கு மட்டும் கசக்குமா?

புறப்படும்போது லெச்சுமி சொன்னாள்: "நீங்க போயி ஒண்ணையும் கெடுத்துற வேணாம். தூக்கிவிடவும் வேணாம். சும்மா உக்காந்துட்டு வாங்க."

காலை 7.20

பசறையில் பஸ் கொஞ்சம் நின்றது. சந்தைக்கு மூட்டை ஏற்றினார்கள். பசறையிலிருந்து பதுளை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். வளைவுகள் அதிகம். என் பக்கத்தில் இருந்தவருக்கு வாந்தி வந்ததால், ஜன்னல் ஓரத்தை அவருக்கு விட்டுக் கொடுத்தேன். டிக்கெட் நூற்றி எண்பது ரூபாய்.

பதுளை பஸ் நிலையத்துக்கு வெளியே வேன் நின்றது. தர்ஷினி நீலச் சேலை கட்டி, கழுத்தில் அட்டை மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பி, "வணக்கம் ஐயா, மடுல்சீமையில இருந்து வாரவரு நீங்கதானே? பின் சீட்டுல உக்காருங்க" என்றாள். நானும் கும்பிட்டுவிட்டு ஏறினேன். பின் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை வெளியே காட்டாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேனில் மற்ற நால்வர்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற மாஸ்டரும் அவர் மனைவியும், தமிழ்நாட்டு ஈரோட்டிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரரும் அவர் மனைவியும். முதலாளி சுனில் சிங்களவர், நாற்பது வயது இருக்கும். தமிழ் நன்றாக விளங்கும், பேசுவது கொஞ்சம் தட்டுத்தடுமாறும். அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. கண்ணாடியில் தர்ஷினியையே கவனித்துக்கொண்டிருந்தார்.

காலை 8.00

முத்தியங்கனை விகாரை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குமாகப் பதுளைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். இந்த மதிலை ஒட்டித்தான் நடந்து போவேன். உள்ளே போனதே இல்லை. போகக்கூடாது என்று யாரும் தடுத்ததில்லை. நமக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்புத்தான். இத்தனை வருடம் அப்படி நினைத்ததை எண்ணி அன்று வருத்தமாக இருந்தது.

வாசலுக்கு வெளியே பூக்கடைகள். தாமரையும், சிங்களத்தில் அரலியா என்று சொல்லும் வெள்ளைப் பூவும் தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு தட்டு நூறு ரூபாய். எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கினோம். செருப்பைக் கழற்றும் இடத்தில் தர்ஷினி எங்களை நிழலில் நிறுத்தினாள்.

"செருப்பு, தொப்பி ரெண்டும் இங்கேயே விட்டுருங்க. செருப்பு காணாமப் போனா என்னையக் கேக்காதீங்க, புத்தரையும் கேக்காதீங்க. அவரு எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவரு."

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிறு வயதில் கங்காணி பெயரைக் கேட்டால் கூட என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை இது. முன்பின் தெரியாத ஆண்களைச் சிரிக்க வைத்துக்கொண்டு நிற்கிறாள். கூச்சம் என்பது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் கிடைத்த சொத்து போலிருக்கிறது. அவள் கையை நீட்டிக் காட்டுவதையும், சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிப் போவதையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அங்கே இன்னும் ஏதேதோ சொன்னாள். மாஸ்டர் தலையாட்டினார். என் காதில் விழவில்லை.

உள்ளே வெள்ளைத் தாதுகோபம், புத்தரின் தாதுவை வைத்துக் கட்டிய தூபி. அப்போதுதான் வெயில் அதில் பட ஆரம்பித்திருந்தது. புத்தர் பதுளைக்கு வந்தபோது என்ன நடந்தது, எந்த ராஜா இதைக் கட்டினார் என்றெல்லாம் தர்ஷினி சொன்னாள். மாஸ்டர் இடையில், "எந்த ராசா எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டார். அவளும் திருப்பிச் சொன்னாள். எனக்குப் பெயர் நிற்கவில்லை. வெள்ளை உடுத்த பெண்கள் அரச மரத்தைச் சுற்றிக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. எங்கள் கோயிலில் மணி, மேளம், மைக் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். இங்கே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

தாதுகோபத்துக்கு முன்னால் பூ வைக்க ஒரு கல்மேடை. தட்டிலிருந்த பூவை வரிசையாக வைத்துக் கும்பிட்டேன். கும்பிட்டு முடிந்ததும் என் கை தானாகப் போய் மேடையிலிருந்து ஓர் அரலியாவை எடுத்தது. கண்ணில் ஒற்றிக் காதில் செருகிக்கொண்டேன். எங்கள் மாரியம்மன் கோயிலில் அப்படித்தான். வைத்த பூவில் ஒன்றைப் பூசாரி திருப்பித் தருவார். அவர் மறந்தால் நாமே எடுத்துக்கொள்வோம். பூ இல்லாமல் திரும்பினால் கும்பிட்ட மாதிரியே இருக்காது. என்னைப் பார்த்து ஈரோட்டு அம்மாவும் ஒரு பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர்க் குடத்துடன் வந்த ஒரு வயதான பெண் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். திட்டவில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுனிலும் பார்த்தார்.

தர்ஷினி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தப் பூவ எடுக்கக் கூடாதுங்க. இங்க வச்சது வச்சதுதான். வாடுறது வரைக்கும் அங்கேயே இருக்கணும். அழகா இருக்கிறதும் ஒரு நாளைக்கு வாடிரும்னு நெனைக்கிறதுக்குத்தான் வைக்கிறாங்க."

நான் பூவைக் காதிலிருந்து எடுத்து மறுபடி மேடையில் வைக்கப் போனேன்.

"ஐயோ, ஒடம்புல வச்சதத் திருப்பி வைக்கவும் கூடாது. பையில வச்சுக்கிட்டு வெளிய போனதும் ஏதாவது மரத்தடியில வைங்க."

அவள் குரல் நடுங்கவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அழுகை வருமுன் காதுதான் சிவக்கும். ஈரோட்டு அம்மா தலையிலிருந்த பூவைப் பிடுங்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

சுனில் அவளைத் தள்ளிக் கூட்டிப்போய் சிங்களத்தில் கேட்டது எனக்கும் விளங்கியது.

"அந்த ஆளைத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது சேர்."

"உள்ளே வருமுன் பூவைப் பற்றிச் சொல்லவில்லையா?"

"சொன்னேன் சேர். செருப்பு கழட்டுற இடத்துலயே சொன்னேன்."

"சொல்லியிருந்தால் ஏன் எடுக்கிறார்கள்?"

என்னைத் தெரியாது என்று அவள் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. நானும் சம்மதித்த ஏற்பாடு. இருந்தாலும் காதால் கேட்டபோது கல்தரை ஜில்லென்று காலில் ஏறியது.

காலை 9.15

பதுளைச் சந்தைக்கு நடந்தே போனோம். லீக்ஸ், கேரட், போஞ்சி எல்லாம் மலை மாதிரிக் குவித்திருந்தார்கள். நல்ல போஞ்சி கிலோ நானூறு என்றார்கள். தர்ஷினி ஒவ்வொரு மரக்கறிக்கும் சிங்களப் பெயர் சொல்லி, ஈரோட்டுக்காரரை விட்டு விலை பேச வைத்தாள். அவர் ஜவுளி வியாபாரி. பேரம் பேச ஆரம்பித்ததும் முகமே மாறிவிட்டது. அவருடைய மனைவி மட்டும் யாரிடமும் பேசாமல் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி வந்தார்.

நான் பின்னால் நடந்தேன். சுனிலிடம் போய், "அந்தப் பிள்ளை சொன்னது, நான்தான் கவனிக்கவில்லை" என்று சொன்னால் போதும். ஒரு வரி. ஆனால் வேறொன்றும் மனதில் ஓடியது. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அவள் வீட்டுக்கு வருவாள். காலையில் பிள்ளைக்காம்பராவுக்கு நடந்து போவாள். சாயங்காலம் திரும்பி வருவாள். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வழக்கம் போல வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

கருவாட்டுக் கடைப் பக்கம் யாரோ என் தோளில் தட்டினார்கள். நஸீர் நானா. முன்பு பசறையில் கடை வைத்திருந்தவர்.

"என்ன அண்ணன், வெள்ளச் சட்டயெல்லாம் போட்டு? மாப்புள பாக்க வந்தீங்களா?"

"சும்மா வந்தேன் நானா."

"மகள் எங்க இப்ப? பெரிய ஆளாயிட்டான்டு சொன்னாங்க. கெஸ்ட் ஹவுஸ்லயா ஈக்கிறா?"

தர்ஷினி ஐந்தாறு அடி தள்ளி நின்று, கட்டாக் கருவாட்டை மாஸ்டரின் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சுனில்.

"ஆமா நானா. எல்லயில."

"வந்தா கடைக்கு வரச் சொல்லுங்க. சின்னதுல பாத்த புள்ள. இப்ப பாத்தா அடையாளமே தெரியாது."

"எனக்கே தெரியாது நானா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு ஒரு பிடி நெத்தலியைக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தார்.

காலை 10.10

பதுளையிலிருந்து ஹாலிஎல, தெமோதரை வழியாகப் பண்டாரவளை வீதியில் போனால், பண்டாரவளைக்குக் கொஞ்சம் முன்னால் தோவ விகாரை வரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். வீதியிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். மரங்கள் அடர்ந்து குளிர்ச்சியாக இருந்தது.

அங்கே ஒரு பெரிய பாறையில் நிற்கும் புத்தரைச் செதுக்கியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு அடி உயரம். முடிக்காத சிலை. முகமும் தோளும் தெளிவாக இருக்கின்றன. கீழே போகப் போகக் கல்லோடு கல்லாகி விடுகிறது.

"ஒரு ராஜா நாட்ட இழந்து ஒளிஞ்சு திரிஞ்ச காலத்துல செஞ்சாருன்னு சொல்லுவாங்க. முடிக்க முடியாமப் போயிருச்சு" என்றாள் தர்ஷினி. இதை மட்டும் முழுதாகக் கேட்டேன். இனி ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற நால்வரையும் பார்த்துப் பேசினாள். என்னைப் பார்த்தால் பேச்சு தடுக்கிவிடும் என்று பயந்திருப்பாள்.

குகைக் கோயிலின் சுவரில் பெரிய நாகத்தின் உருவம். அதற்குப் பின்னால் கண்டி வரைக்கும் சுரங்கம் இருக்கிறது என்று கதை.

"போலாங்களா அதுல?" என்று கேட்டார் ஈரோட்டுக்காரர்.

"தாராளமாப் போகலாம் சார். போனவங்க யாரும் வந்து நல்லா இல்லன்னு சொன்னதில்ல. யாருமே வந்ததில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சுனிலும் சிரித்தார். அவர் சிரித்ததை அன்று அப்போதுதான் பார்த்தேன். ஈரோட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இங்கேயும் பூ வைக்கும் மேடை இருந்தது. அவர் அதன் பக்கமே போகாமல் வாசலில் நின்றார்.

பகல் 12.00

பண்டாரவளையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கால் வைக்க இடமில்லை. பேரிக்காய், பட்டர்ஃப்ரூட், கித்துள் பாணி, கறுவாப்பட்டை. எங்கள் பக்கத்துச் சந்தை போலத்தான். சாக்குக்குப் பதில் கூடைகள், அவ்வளவு வித்தியாசம். லெச்சுமிக்கு ஒரு கிலோ பேரிக்காய் வாங்கினேன்.

சுற்றுலா அங்கேயே முடிகிறது. விருந்தாளிகளுக்குப் பண்டாரவளையில் அறை எடுத்திருந்தார்கள். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் சுனில் எல்லோருக்கும் பிளேன்டீயும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தார். தர்ஷினியை வேனில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டு எங்கள் மேசையில் உட்கார்ந்தார்.

"கைட் எப்படி? ஒளிக்காமச் சொல்லுங்க. வேல குடுக்கவா, வேணாமா?"

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை வடிவாச் சொன்னவ. பகிடியும் விடுறா. கொஞ்சம் ஆறுதலாக் கதைச்சா இன்னும் நல்லம்."

"எனக்குப் பிடிச்சுதுங்க" என்றார் ஈரோட்டுக்காரர். அவருடைய மனைவி தேநீரைக் கீழே வைத்தார்.

"நல்ல பொண்ணுதாங்க. நான் இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா அந்தப் பூ விசயத்த முன்னாடியே சொல்லியிருந்தா இத்தன பேரு முன்னால அசிங்கப்பட்டிருக்க மாட்டேன். சாமி கும்பிடப் போயி, திருடி மாதிரி நின்னேன்."

சுனில் தலையாட்டினார். அவருக்கும் அதேதான் மனதில் இருந்தது என்று தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படி நாலு பேர் ஒன்றாகப் பார்க்கும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலையில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவேன்.

கடைக் கண்ணாடி வழியாக வேன் தெரிந்தது. தர்ஷினி வேனில் சாய்ந்து நின்று, ஒரு காலின் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சொன்னாங்க" என்றேன்.

"என்னது?"

"பூவப் பத்தி. செருப்பு கழட்டுற எடத்துலயே சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல. நான் எடுத்ததப் பாத்துத்தான் இந்த அம்மாவும் எடுத்தாங்க. கைட் சொல்லத்தான் செஞ்சாங்க, அவங்க மேல தப்பு இல்ல."

என் மகளை நான் 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மாஸ்டரின் மனைவி, "ஓம், சொன்னவ. நானும் கேட்டனான்" என்றார். ஈரோட்டு அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப நான் பூக்காரிகிட்ட மீதிக்காசு வாங்கிட்டு நின்னேனுங்க. அதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தேநீரை எடுத்தார்.

சுனில் என்னை விடவில்லை. "பக்கத்துல நின்னுக்கிட்டு ஏன் கேக்கல?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"விகாரைய" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு எழுந்து வேனுக்குப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார். தர்ஷினி அவசரமாகச் செருப்பை மாட்டினாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்தபோது எல்லோரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஈரோட்டு அம்மா அவள் கன்னத்தைத் தொட்டார். ஒவ்வொருவரையும் கும்பிட்டு விடை கொடுத்தவள் கடைசியாக என்னிடம் வந்தாள்.

"போயிட்டு வாங்க ஐயா. பஸ் அந்தப் பக்கம் நிக்கும்."

"சந்தோசம்" என்றேன். முதலாளி பக்கத்தில் நின்றார். அதற்கு மேல் சொல்ல இடமில்லை. அவள் கூப்பிய கையைக் கொஞ்ச நேரம் இறக்காமல் வைத்திருந்தாள். மற்றவர்களுக்கு அப்படி வைத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாலை 5.40

பண்டாரவளையிலிருந்து பதுளை, பதுளையிலிருந்து பசறை, பசறையிலிருந்து மடுல்சீமை. பசறையில் பஸ் வரத் தாமதமாகி, கால் கடுக்க நின்றேன். அப்போது அவள் போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமையிலிருந்து வேலை. சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, பெருநாள், எல்லா நாளும் வேன் ஓடும். லீவு நாளில்தான் ஆட்கள் சுற்ற வருவார்கள். அடுத்த மாதம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வர முடியாது. "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா" என்றாள். அன்று முழுக்கக் கேட்காத 'அப்பா' அது. பஸ் சத்தத்தில் அரையும் குறையுமாகத்தான் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது லெச்சுமி எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா, புள்ள எப்ப வாரா?"

"வரல. வேலை கெடச்சிருச்சு."

அவள் கையிலிருந்த விறகை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். வரிசையை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"நல்லாப் பேசுனாளா?"

"அருமையாப் பேசுனா. எல்லாரும் சிரிச்சாங்க."

"என்னா பேசுனா?"

யோசித்துப் பார்த்தேன். தாதுகோபம் எந்த ராஜா கட்டியது, எத்தனை வருடம் பழையது, புத்தர் அங்கே எதற்காக வந்தார், ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. இதைப் படிக்கிறவர்களுக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. போஞ்சி விலையும் பஸ் டிக்கெட்டும்தான் நினைவில் இருக்கின்றன. பதுளைக்குப் போனால் அந்தப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகச் சொல்லும்.

துவைக்கப் போட சட்டையைக் கழற்றினேன். லெச்சுமி சட்டைப் பையைத் துழாவி அந்த அரலியாவை வெளியே எடுத்தாள். மரத்தடியில் வைக்க மறந்திருந்தேன். ஓரமெல்லாம் தேயிலை வாட்டும் மாடியில் கிடக்கும் கொழுந்து போலத் துவண்டு, பழுப்பேறியிருந்தது.

"இது ஏது?"

"விகாரையில எடுத்தது."

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மன் படத்துக்கு வைக்கத் திரும்பினாள்.

"வேணாம், வைக்காத. அங்க சாமிக்கு வச்ச பூவத் திரும்ப எடுக்கக் கூடாதாம். வச்சது வச்சதுதானாம். ஒம் புள்ளதான் சொன்னா."

லெச்சுமி பூவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் எதுக்கு எடுத்தீங்க?"

"கைப்பழக்கம்" என்றேன்.